சிவப்பு நாற்காலிக்கு வந்தவர்

இந்தப் பள்ளிக்குப் புதிதாக வருகிறவர்கள் இரண்டாவது வாரத்திலேயே என்னைப் பிடித்துக்கொள்கிறீர்கள். சட்டத்தைப் பற்றிக் கேட்க அல்ல. இடமில்லாமல் ஜன்னல் விளிம்பில் தொற்றிக்கொண்டு குறிப்பெடுக்கிறோமே, அந்தச் சிவப்பு நாற்காலியில் ஏன் யாரும் உட்காருவதில்லை என்று கேட்க. பழைய மாணவர்கள் பதில் சொல்லாமல் மழுப்புவதால் உங்களுக்கு ஆவல் கூடிவிடுகிறது. இனி நான் வகுப்பெடுக்க வரப்போவதில்லை. என் முழங்கால்கள் அந்தப் படிகளோடு சண்டை போட்டுத் தோற்றுவிட்டன. ஆகவே எழுதியே வைத்துவிடுகிறேன். நாளை நீங்கள் வக்கீலாகவோ நீதிபதியாகவோ மொழிபெயர்ப்பாளராகவோ போய் நிற்கும்போது இது உதவும் என்று நினைக்கிறேன். கொஞ்சம் பயமுறுத்தவும் செய்யும். அதற்கு நான் பொறுப்பல்ல.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் புதுச்சேரியில் பிறந்தவள், கத்தோலிக்கக் குடும்பம், அப்பா பிரெஞ்சு அரசாங்க உத்தியோகம். பிரான்சின் வடக்கே ஒரு நிலக்கரி ஊரில் நீதிபதியாகத் தொடங்கி, பாரிஸை ஒட்டிய பொபினியில் பல வருடம் இருந்து, கடைசியில் உச்ச நீதிமன்றத்தில் ஓய்வு பெற்றேன். ஓய்வு பெற்ற பிறகு பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் சட்டப் பள்ளி தொடங்குகிறேன் என்றதும் என் சகாக்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். பளிங்குத் தரையிலிருந்து முருங்கைக்காய்க் கடை மாடிக்கா என்றார் ஒருவர். ஆமாம், அங்கேதான். பொபினியில் நம் ஆட்கள் கூண்டில் நின்று எதற்கெடுத்தாலும் தலையாட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தவள் நான். அவர்களுக்குப் பக்கத்தில் நிற்க, சட்டமும் தமிழும் இரண்டும் தெரிந்த பிள்ளைகள் வேண்டும் என்ற ஆத்திரத்தில் தொடங்கியதுதான் இது.

அந்த நிலக்கரி ஊரில் எனக்கு மேலே இருந்த நீதிபதியிடம் இரண்டு விஷயம் கற்றேன். அவர் பெயர் வேண்டாம், அவருக்கே பிடிக்காது. ஒருமுறை, தன் வைக்கோல் கொட்டகைக்குத் தானே தீ வைத்ததாக ஒரு விவசாயி அழுதுகொண்டே சொன்னான். என்னை உள்ளே போடுங்கள் என்று கெஞ்சினான். எல்லாம் ஒப்புக்கொண்டாகிவிட்டது, பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம் என்று நான் பேனாவை மூடினேன். அவரோ அந்த விவசாயியின் வக்கீலைப் பார்த்து, நீங்கள் இன்னும் பேசவில்லையே என்றார். வக்கீல் பேசப் பேசத்தான், தீ வைத்தது மகன் என்பது வெளியே வந்தது. தண்டனையைக் கேட்டு வாங்க வருகிறவனுக்குத்தான் வக்கீல் அதிகம் தேவை என்று பிறகு காப்பி குடிக்கும்போது என்னிடம் சொன்னார். இரண்டாவது விஷயம், தீர்ப்பு எழுத உட்காரும்போதெல்லாம் அவர் முணுமுணுத்துக்கொள்ளும் கேள்வி: நம்மிடம் என்ன கேட்டார்கள்? கேட்டதற்குத்தான் பதில். கேட்காததற்குப் பதில் சொல்கிற நீதிபதி வம்பளக்கிறவர் என்பார்.

இனி அந்த அறை. அது பழைய போட்டோ ஸ்டூடியோ என்பது உங்களுக்குத் தெரியும். கட்டடம் தவராசாவுடையது. யாழ்ப்பாணத்தவர், கீழே மரக்கறிக் கடை வைத்திருந்தவர். அதற்கு முன்னால் படப்பிடிப்பாளர். லாச்சப்பலில் எல்லோரும் கையில் கைபேசி வைத்துக்கொண்டு படம் எடுக்க ஆரம்பித்ததும் அந்தத் தொழில் படுத்துவிட்டது. ஸ்டூடியோவை எனக்கு விட்டார். ஒரே ஒரு நிபந்தனை: பின்சுவரில் தொங்கும் படுதாவையும் சிவப்பு வெல்வெட் நாற்காலியையும் எடுக்கக் கூடாது. படுதாவில் ஒரு பூந்தோட்டமும் மேலே ஏறிப்போகும் பளிங்குப் படிகளும் வரைந்திருக்கும். படிகள் எங்கே போய் முடிகின்றன என்று ஓவியர் காட்டவில்லை, மேலே வெறும் மஞ்சள் புகை. எதிரே பாலத்தின் மேல் மெத்ரோ ரயில் போகும்போதெல்லாம் கண்ணாடி அதிரும், படுதா அசையும். யாரோ அந்தப் படிகளில் இறங்கி வருகிற மாதிரி இருக்கும். ஏன் எடுக்கக் கூடாது என்று கேட்டேன். "இருக்கட்டும் மதாம்" என்றார். அவ்வளவுதான் அவர் பேச்சு.

பயிற்சி விசாரணைகளுக்கு நான் அந்த நாற்காலியைக் குற்றவாளிக் கூண்டாக வைத்துக்கொண்டேன். நடக்கவில்லை. வக்கீலாக நடிக்க அடிபிடி, நீதிபதியாக நடிக்க அடிபிடி, குற்றவாளியாக உட்கார மட்டும் ஒருவரும் வரவில்லை. பாரிஸில் பிறந்த பிள்ளைகள், பிரெஞ்சில் கனவு காண்கிறவர்கள், "அம்மா ஏசுவா மதாம்" என்று நெளிந்தார்கள். ஒரு தாய் உண்மையிலேயே படியேறி வந்தார். "விளையாட்டுக்கும் என்ரை பிள்ளையைக் குற்றவாளிக் கதிரையிலை இருத்தாதேங்கோ. வாயாலை சொல்லுறது பலிச்சிடும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் வாதாடவில்லை. புதுச்சேரியில் என் அத்தை ஒருத்தியைக் கரிநாக்குக்காரி என்று கல்யாண வீடுகளுக்கு அழைக்க மாட்டார்கள். அந்தப் பயம் எனக்கும் தெரியும். நாற்காலி காலியாகவே இருக்கட்டும், காலி நாற்காலியைப் பார்த்து வாதாடுங்கள் என்று விட்டுவிட்டேன்.

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்து நாற்காலியை மேசையைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டுப் போவேன். சனிக்கிழமை வந்து பார்த்தால் அது வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். வெல்வெட்டில் தூசி இருக்காது. தவராசாவைக் கேட்டேன். "நான்தான் துடைக்கிறனான்" என்றார். திருப்புவதும் நீங்கள்தானா என்றதும் முருங்கைக்காய்க் கட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் போய்விட்டார்.

அவர் படிக்கட்டுத் திருப்பத்தில் நின்று என் வகுப்புகளைக் கேட்டுக்கொண்டிருப்பார் என்பது எனக்குத் தெரியும். கடையில் ஆளில்லாத நேரம் வந்து நிற்பார். ஒவ்வொரு புது அணிக்கும் முதல் நாள் நான் சொல்வது ஒன்றுதான், உங்களுக்கும் சொல்லியிருக்கிறேன். இந்த நாட்டில், சட்டத்தில் இதற்கு விடை இல்லை என்று சாக்குச் சொல்லித் தீர்ப்புத் தர மறுக்கிற நீதிபதியே குற்றவாளி. சட்டம் மௌனமாக இருக்கலாம், நீதிபதி இருக்கக் கூடாது. இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரும். அந்த வாக்கியத்தை அவர் எத்தனை அணிகளோடு சேர்ந்து கேட்டிருப்பார் என்று அப்போது நான் யோசித்ததில்லை.

அது ஒரு நவம்பர் மாதச் சனிக்கிழமைப் பிற்பகல். ஒரு வாரம் பிரெஞ்சிலும் மறு வாரம் தமிழிலும் விசாரணை நடத்துவது நம் வழக்கம். அன்று தமிழ் வாரம். அரசுத் தரப்பு நிரோஷன், செவ்ரானில் பிறந்து வளர்ந்தவன், தமிழை எழுத்துக் கூட்டி வாசிக்கிறவன். எதிர்த்தரப்பு ஆரணி, லா கூர்னெவ் புறநகர்ப் பெண், வாயாடி. பயிற்சிக்கான வழக்கை நிரோஷனே கற்பனையாக எழுதி வந்திருந்தான். விடியற்காலையில் ஒரு வான் ஓட்டுநர் நடந்து போகும் ஒருவரை மோதிவிட்டு நிற்காமல் போய்விடுகிறார் என்பது கதை.

நிரோஷன் எழுந்து நின்று திக்கித் திக்கி வாசித்தான். "றோட்டிலை ஒற்றைச் செருப்பு மட்டும் கிடந்தது. ரப்பர் செருப்பு. வலது கால். நீல வார்."

நான் குறுக்கிட்டேன். நவம்பர் குளிரில் பாரிஸில் எவன் ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு நடக்கிறான் என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது.

அவன் தாளைப் பார்த்தான். "தெரியேல்லை மதாம். எழுதேக்கை அப்பிடித்தான் வந்துது."

அப்போது மெத்ரோ போனது. கண்ணாடி அதிர்ந்தது, படுதா அசைந்தது. கதவு திறந்திருந்தது. வாசலில் தவராசா நின்றார். கோயிலுக்குள் போகிறவர் போலச் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார். யாரையும் பார்க்காமல் நடந்து வந்து, நாற்காலியைத் தானே மேசைப் பக்கம் திருப்பி, அந்தச் சிவப்பு வெல்வெட்டில் உட்கார்ந்தார்.

பிள்ளைகள் குதூகலித்தார்கள். கடைசியில் ஒரு குற்றவாளி கிடைத்துவிட்டார் என்று நினைத்தார்கள். நானும் ஒரு கணம் அப்படித்தான் நினைத்தேன். பயிற்சி முறைப்படி பெயரைக் கேட்டேன், சொன்னார். குற்றச்சாட்டு உங்களுக்குப் புரிகிறதா என்று கேட்டேன்.

"ஓம்" என்றார். "நான் என்ரை தம்பியைச் சாகக் குடுத்தனான். வாயாலை."

நிரோஷன் இன்னும் நாடகம் என்றே நினைத்துக்கொண்டிருந்தான், பாவம். "வானை நீங்கள்தான் ஓட்டினீங்களோ?" என்றான்.

"நான் ஓட்டேல்லை தம்பி. நான் வெள்ளை வான் எண்டு சொன்னது மட்டும்தான். வான் பிறகுதான் வந்தது."

அறையில் சிரிப்பு நின்றது. ஆரணி பேனாவைக் கீழே வைத்தாள்.

அவர் நேராக உட்கார்ந்து, என்னை மட்டும் பார்த்துச் சொன்னார். இங்கே வந்த புதிதில் அகதி விண்ணப்பத்துக்கு உள்ள உண்மையை உள்ளபடி சொன்னாராம். நிராகரித்துவிட்டார்கள். அவர் பட்ட அடிகளுக்குச் சாட்சியில்லை. திருப்பி அனுப்பினால் என்ன ஆகுமோ என்ற பயத்தில் இரண்டாவது முறை விசாரணைக்குப் போனபோது ஒரு பொய் சொன்னார். தம்பியை வெள்ளை வானில் வந்தவர்கள் பிடித்துக்கொண்டு போய்க் கொன்றுவிட்டார்கள் என்றார். தம்பி அப்போது ஊரில் சைக்கிள் கடை வைத்து நன்றாக இருந்தான்.

"அங்கை விசாரிச்ச மனிசி கேட்டா, நீ எப்பிடி அறிஞ்சனீ எண்டு. ஒற்றைச் செருப்பு சந்தியிலை கிடந்தது எண்டன். எங்கையிருந்து அது வாயிலை வந்தது எண்டு இண்டைக்கும் தெரியாது. எந்தக் கால் எண்டு கேட்டா. இடது எண்டன். நம்பிட்டா. எனக்கு அகதிக் காட் கிடைச்சிட்டுது."

"பிறகு?" என்றேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"அடுத்த வருசம் அம்மா போன் எடுத்தா. தம்பியை வெள்ளை வானிலை ஏத்திக்கொண்டு போட்டாங்களாம். அதே சந்தி. ஒற்றைச் செருப்பு மட்டும் கிடந்ததாம். நான் இஞ்சை என்ன சொன்னனான் எண்டு அம்மாவுக்குத் தெரியாது மதாம். ஒருத்தருக்கும் தெரியாது."

நீதிமன்றத்தில் கொலைகளைப் பற்றிக் கேட்டுக் கேட்டுக் காது மரத்தவள் நான். ஆனால் அங்கே கத்தி இருக்கும், கை இருக்கும். இங்கே ஒன்றுமில்லை. மாணவர்களை வெளியே போகச் சொல்ல எழுந்தேன். அவர் தடுத்தார்.

"இருக்கட்டும். விசாரணை எண்டால் கதவு திறந்துதான் இருக்கவேணும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"தவராசா, இது பள்ளிக்கூடம். நான் ஓய்வு பெத்தவ. இதுக்குச் சட்டத்துல ஒண்ணும் இல்லீங்க."

"சட்டத்திலை இல்லை எண்டு சொல்லித் தீர்ப்புச் சொல்லாமல் விடுற நீதிபதி குற்றவாளி எண்டும் நீங்கள்தான் சொன்னனீங்கள்" என்றார். குரலில் குத்தல் இல்லை. படித்த பாடத்தை ஒப்பிக்கிற மாதிரிதான் சொன்னார். என் சொந்த வாக்கியம் என்னைப் பிடித்து உட்கார வைத்தது.

என்ன கேட்கிறீர்கள் என்று கேட்டேன். என் பழைய நீதிபதியின் கேள்வி அது, பழக்கத்தில் வந்துவிட்டது.

ஊரில் அவருடைய அம்மா அத்தனை வருடமும் காணாமல்போன மகனுக்குச் சாப்பாடு போட்டு மூடி வைத்துவிட்டுத்தான் தான் சாப்பிடுவார். இப்போது படுத்த படுக்கை. சாப்பாட்டை விட்டுவிட்டார். இனி அவன் வரமாட்டான், தர்ப்பையில் உருவம் செய்து எரித்துக் காரியத்தை முடித்துவிடு, அதைப் பார்த்துவிட்டுத்தான் என் கண் மூடும் என்கிறார். செய்ய உரிமையுள்ளவர் தமையன் ஒருவர்தான்.

"ஐயர் ஆருக்குச் செய்யிறது எண்டு கேப்பார். செத்துப்போனான் எண்டு நான் என்ரை வாயாலை சொல்லவேணும். அவன் எங்கையாவது உயிரோடை இருந்தால்? ஒருக்காச் சொல்லித்தான் போனவன். ரெண்டாந்தரமும் நானே சொல்லட்டோ? நான் சொன்னதாலைதான் போனவனோ இல்லையோ, அதை மட்டும் சொல்லுங்கோ. ஓம் எண்டால் இனிச் சாகும்வரைக்கும் வாய் திறக்கமாட்டன். இல்லை எண்டால் போய் அம்மாவுக்குச் செய்து குடுத்திட்டு வருவன்."

உடனே இல்லை என்று சொல்லிவிடத்தான் நாக்கு துடித்தது. அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தால் யாருமே அதைத்தான் சொல்வார்கள். ஆனால் இரக்கத்தில் சொல்கிற இல்லையை அவர் ஏற்கனவே பலரிடம் கேட்டிருப்பார், தானே தனக்கும் சொல்லிப் பார்த்திருப்பார். எதிர்த்தரப்பு இன்னும் பேசவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஆரணியைப் பார்த்து, உங்கள் கட்சிக்காரருக்காகப் பேசுங்கள் என்றேன்.

அந்த வாயாடி முதலில் தன் குறிப்புத் தாளைக் கவிழ்த்து வைத்தாள். எழுந்து நின்றாள், தண்ணீர் குடித்தாள். பிறகு மெல்லக் கேட்டாள். "அங்கிள், அண்டைக்கு அவையளிட்டை வேறை என்னென்ன பொய் சொன்னனீங்கள்?"

அவர் நிமிர்ந்தார். அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை என்று முகத்தில் தெரிந்தது.

"வீடு எரிஞ்சு சாம்பலாப் போச்சு எண்டு சொன்னனான்."

"எரிஞ்சதோ?"

"இல்லை. அந்த வீட்டிலைதானே அம்மா படுத்திருக்கிறா. சண்டையிலை கூட ஓடு உடையேல்லை."

ஆரணி என் பக்கம் திரும்பினாள். நான் தலையசைத்தேன். அவள் இன்னும் ஒரு கேள்வி கேட்டாள். கேட்டிருக்க வேண்டாம் என்று எனக்கு அப்போது தோன்றியது. இப்போது அப்படித் தோன்றவில்லை. "வேறை?" என்றாள்.

"நான் திரும்பிப் போனால் ஒரு கிழமைக்குள்ளை செத்துப்போவன் எண்டு சொன்னனான். சத்தியம் பண்ணினனான்" என்றார். "பிரெஞ்சுப் பாஸ்போட் கிடைச்சும் நான் போகேல்லை. அதாலைதான்."

இனி இதைக் கவனியுங்கள், இதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். தீர்ப்பு யாரோ ஒருவரின் கடந்த காலத்தைப் பற்றியது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அது அவரை நாளைக் காலை ஓர் இடத்துக்கு அனுப்பிவைக்கிறது. நான் இல்லை என்று சொன்னால் அவர் விமானம் ஏறுவார். அவருடைய மூன்று பொய்களில் ஒன்று பலித்துவிட்டது, ஒன்று பலிக்கவில்லை, ஒன்று அங்கே அவருக்காகக் காத்திருக்கிறது. நான் ஆமாம் என்று சொன்னால் ஒரு கிழவி மகனுக்காகக் காத்திருந்தே பட்டினியில் போய்ச் சேருவாள்.

யோசிக்க அவகாசம் வேண்டும் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். தீர்ப்பை யோசிக்க நான் போகும் இடம் பழைய இருட்டறைதான், படம் கழுவுகிற அறை. கதவைச் சாத்திக்கொண்டேன். சிவப்பு பல்பைப் போட்டேன். சுவரில் கம்பி கட்டியிருந்தது, அதில் காலிக் கிளிப்புகள் வரிசையாகத் தொங்கின. ஒரு கிளிப்பு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. மெத்ரோ போய் நேரமாகியிருந்தது. நான் படித்தவள், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள், ஆனாலும் அந்தக் கிளிப்பைக் கையால் பிடித்து நிறுத்திவிட்டுத்தான் யோசிக்க முடிந்தது. வெளியிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. என்னுடைய பயத்தையும் என்னிடம் கேட்கப்பட்டதையும் தனித்தனியாகப் பிரித்து வைக்க முயன்றேன். பயம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது சாட்சியம் ஆகாது. அதுவரைக்கும்தான் என்னால் போக முடிந்தது.

வெளியே வந்தபோது அவர் எழுந்து நின்றார். பிள்ளைகளும் எழுந்தார்கள். நான் உட்காரவில்லை.

"உங்க சொல்லுக்குச் சக்தி இருந்தா வீடும் எரிஞ்சிருக்கணும்" என்றேன். "எரியல. உங்க தம்பிய ஆளுங்க வந்து தூக்கிட்டுப் போனாங்க. அவங்களுக்குக் கை இருந்துச்சு, கால் இருந்துச்சு, வண்டி இருந்துச்சு. அந்தக் குத்தம் அவங்களோடது. அத நீங்க வாங்கி வச்சுக்க முடியாது, நான் குடுக்க மாட்டேன். நீங்க சொன்னதால அவர் போகல. இதான் தீர்ப்பு."

அவர் தன் வெறுங்காலைப் பார்த்தார். "செருப்பு?" என்று கேட்டார்.

"அது எனக்குத் தெரியாது" என்றேன். "தீர்ப்புச் சொல்றதுதான் என் கடமை. எல்லாம் தெரிஞ்சிருக்கணும்னு எந்தச் சட்டத்துலயும் இல்ல."

தெரியாது என்ற இந்த இரண்டாவது பதிலைச் சொன்னதில்தான் எனக்கு இன்றுவரை திருப்தி. தெரியாததைத் தெரிந்த மாதிரி பூசி மெழுகியிருந்தால் அவர் என் தீர்ப்பையும் நம்பியிருக்க மாட்டார். அவர் தலையைக் குனிந்து வணங்கினார், எனக்கா மேசைக்கா தெரியவில்லை. வாசலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். நாற்காலி மேசையைப் பார்த்தபடியே இருந்தது.

திங்கட்கிழமை கடையின் இரும்புக் கதவு இறங்கியிருந்தது. ஊருக்குப் போய்விட்டார் என்று பக்கத்துப் பூக்கடையில் சொன்னார்கள். அவர் சொன்ன அந்த ஒரு கிழமையை, அந்த ஏழு நாளை, நான் எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். உச்ச நீதிமன்றத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியவள், மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்து தூங்காமல் கிடந்தேன். கிழமை முடிந்தது, செய்தி இல்லை. அடுத்த கிழமையும் இல்லை. கடைக் கதவுக்கு முன்னால் வீசிப்போன விளம்பரத் தாள்கள் சேர்ந்துகொண்டிருந்தன. சனிக்கிழமைகளில் நான் வைத்த மாதிரியே நாற்காலி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதில் மெல்லத் தூசி படிய ஆரம்பித்தது. நிரோஷன் வகுப்புக்கு வந்தான், ஆனால் அந்தப் பக்கம் முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தான். அவனைத் தனியாகக் கூப்பிட்டு, செருப்பு விஷயம் எங்கே கேள்விப்பட்டாய் என்று விசாரித்தேன். வீட்டில் யாராவது பேசினார்களா என்று கேட்டேன். அவன் பெற்றோர் வேறு பக்கத்து ஊர், தவராசாவைக் கடையில் பார்த்ததோடு சரி. பொய் சொல்கிறவர்களைப் பார்த்தே வயதானவள் நான். அவன் பொய் சொல்லவில்லை.

பிறகு ஒரு பிற்பகல், விசாரணை நடந்துகொண்டிருக்கும்போது, படியில் காலடி கேட்டது. தவராசா மொட்டைத் தலையோடு வாசலில் நின்றார். கறுத்து மெலிந்திருந்தார். கையில் ஒரு துணிப் பொட்டலம் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை மறைக்கவும் இல்லை.

"உயிரோடைதான் இருக்கிறன் மதாம்" என்றார். "காரியம் முடிஞ்சுது. சொல்ல வேண்டியதைச் சொன்னன். அம்மா எழும்பி இருக்கிறா. ரெண்டு நேரம் சாப்பிடுறா. அவவை விட்டிட்டு வர மனமில்லாமல்தான் சுணங்கிட்டன்."

உட்காருங்கள் என்று என் நாற்காலியைத் தள்ளினேன். உட்காரவில்லை. பொட்டலத்தை மேசையில் வைத்துப் பிரித்தார். அம்மா இத்தனை வருடமும் சாமிப் படத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்ததாம். அவர் அதுவரை அதைப் பார்த்ததில்லை.

ஒற்றை ரப்பர் செருப்பு. குதிகால் தேய்ந்திருந்தது.

"வலது கால்" என்றார். "நான் அண்டைக்குச் சொன்னது இடது. நான் சொன்ன செருப்பில்லை இது. நீங்கள் சொன்னது சரிதான் மதாம். என்ரை வாய் இல்லை."

நான் மூச்சு விட்டேன். தீர்ப்புக்குப் பிறகு சாட்சியம் வந்து தீர்ப்பைத் தாங்கிப் பிடிப்பது எத்தனை அபூர்வம் என்று போகப் போகத் தெரிந்துகொள்வீர்கள். ஆனால் அவர் என்னைப் பார்க்கவில்லை. நிரோஷனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அப்போதுதான் செருப்பின் வாரைப் பார்த்தேன். வெளிறிப்போயிருந்தாலும் நீலம் தெரிந்தது.

"தம்பி, நீர் வலது எண்டுதானே வாசிச்சனீர்" என்று மெதுவாகக் கேட்டார். "நீல வார் எண்டு."

நிரோஷனின் உதடு வெளுத்துவிட்டது. "ஓம்" என்றான்.

தவராசா போய் அந்த நாற்காலியின் தூசியைக் கைக்குட்டையால் துடைத்தார். பிறகுதான் எங்களுக்குச் சொன்னார். தம்பியை முகவர் மூலம் பிரான்சுக்குக் கூப்பிட ஏற்பாடு செய்துகொண்டிருந்த காலத்தில் வாங்கிய நாற்காலி அது. வந்து சேர்ந்ததும் அதில் இருத்தி, அந்தப் படிகளுக்கு முன்னால் முதல் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தாராம். அதற்காகத்தான் ஒவ்வொரு சனிக்கிழமையும் வாசல் பக்கம் திருப்பி வைத்தாராம், வருகிறவன் கண்ணில் படட்டும் என்று.

"என்னோடை கதைக்கேல்லை. உமக்குத்தான் வந்து சொல்லியிருக்கிறான்" என்று நிரோஷனிடம் சொன்னார். முகத்தில் பயமே இல்லை. இத்தனை வருடத்தில் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "அப்ப அவன் இஞ்சை வந்திட்டான் மதாம்."

நாற்காலியை மேசையைப் பார்த்தபடியே விட்டுவிட்டுக் கீழே கடையைத் திறக்கப் போனார். பிறகு அவர் அதைத் திருப்பவில்லை, வேறு யாரும் அதைத் தொடவில்லை, அதில் உட்காரவும் இல்லை. பயிற்சிக்குக் கற்பனை வழக்குகள் எழுதுவதையும் அன்றோடு நிறுத்திவிட்டோம், முடிந்துபோன பழைய வழக்குகள் மட்டும்தான்.

நிரோஷன் பிறகு என்னிடம் வந்து, தவராசா சொன்னது உண்மையா மதாம் என்று கேட்பான் என்று காத்திருந்தேன். அவன் கேட்கவில்லை, ஆரணியும் கேட்கவில்லை. அவர்கள் என்னிடம் நன்றாகப் படித்தவர்கள். கேட்காததற்கு நான் பதில் சொல்வதில்லை.